கழித்த பொருள் யாருடைய பொருள்?
உள்ளூராட்சி மன்றங்கள் தமது உபரி ஆதனங்களை அகற்றும் முறை பற்றிய ஒரு பாடம்

முன்னுரை

எமது பகுதிகளில் எந்தப் பிரதேச சபையின் அலுவலகத்திற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். முன்புறத்தில் பூஞ்சாடிகளும் பெயர்ப்பலகையும் இருக்கும். பின்புறத்தில், வேலியோரமாக, புல் மூடிய நிலையில் ஓர் உழவு இயந்திரம் நிற்கும். அதன் அருகே சில்லு இல்லாத குப்பை இழுவைப் பெட்டி, துருப்பிடித்த தகரங்கள், கால் உடைந்த மேசைகள், பழைய தட்டச்சு இயந்திரங்கள், இப்பொழுது கணினிப் பெட்டிகளும் கிடக்கும். "அது கழிச்ச சாமான்" என்று காவலாளி சொல்லுவார். கேட்பவரும் அத்துடன் விட்டுவிடுவார்.

ஆனால் அச்சாமான்கள் எவருடைய பணத்தால் வாங்கப்பட்டவை? அவற்றைக் கழிக்கும்படி யார் தீர்மானித்தார்கள்? அவை விற்கப்பட்டால் அப்பணம் எங்கே போகும்? இவ்வினாக்களை எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களோ சனசமூக நிலையங்களோ பெரும்பாலும் கேட்பதில்லை. புதிய வீதி, புதிய மின்விளக்கு, புதிய கட்டடம் ஆகியவற்றையே கேட்டுப் பழகிவிட்டோம். பழையது எப்படிப் போகின்றது என்பதைக் கவனிப்பதும் கிராம அபிவிருத்தியின் ஒரு பகுதியே என்பதை இப்பாடத்தில் விளக்க முயல்கின்றோம்.

1. எமக்குப் பாடம் தந்த நீர்த்தாங்கி

சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் எமது சொந்த அனுபவமொன்றைக் கூறுவது நல்லது. அதில் எமது தவறும் உண்டு.

2009 இல் யுத்தம் முடிந்து மக்கள் மீளக்குடியமர்ந்த காலத்தில், நாம் பணிபுரிந்த பகுதியிலிருந்த ஒரு சபைக்கு உதவித் திட்டமொன்றின் மூலம் இழுவையுடன் கூடிய நீர்த்தாங்கி ஒன்று வழங்கப்பட்டது. வழங்கியவர்களுள் நாமும் ஒரு பங்காளிகள். மாலையிட்டு, படம் எடுத்து, திறப்பைக் கையளித்தோம். திட்டம் முடிந்தது, அலுவலகம் மூடப்பட்டது, பணியாளர்கள் வேறிடம் சென்றனர். ஆனால் "இந்தத் தாங்கியின் உரிமை இன்ன திகதியிலிருந்து சபைக்கு உரியது" என்று கூறும் ஒரு கடிதத்தை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளில் தாங்கியின் அச்சு வளைந்தது, ரயர்களும் தேய்ந்தன. திருத்துவதற்குப் பணம் ஒதுக்க முயன்றபோது, "இது எமது பொருட்பதிவேட்டில் இல்லை, இல்லாத பொருளுக்கு எப்படிச் செலவெழுதுவது?" என்ற கேள்வி எழுந்தது. சரி, விற்றுவிடலாம் என்றால், பதிவேட்டில் இல்லாத பொருளை விற்கவும் முடியாது. தாங்கி வேப்பமரத்தின் கீழ் நின்றது. 2017 இல் கடும் வரட்சி வந்தது. அங்கிருந்து சில மைல் தூரத்திலிருந்த கிராமத்தில் மக்கள் குடிநீரைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். அவ்வூர்த் தாயொருவர் எம்மிடம் கேட்டார்: "பாதர், தண்ணிப் பெட்டி அங்கை நிக்குது, தண்ணி இஞ்சை இல்லை. உதுக்கு ஆர் பொறுப்பு?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. சபையைக் குறைகூறுவது இலகுவாக இருந்திருக்கும். ஆனால் கடிதம் எழுதாதவர்கள் நாமே. பின்னர் கடிதம் தேடி, கணக்கெடுத்து, அனுமதி பெற்றபோது தாங்கியின் அடித்தகடு உக்கிவிட்டது. இறுதியில் அது பழைய இரும்பாக நிறுக்கப்பட்டது.

இச்சம்பவத்திலிருந்து நாம் கற்றது இதுதான்: ஒரு பொருள் ஒழுங்காகச் சபைக்குள் வராவிட்டால், ஒழுங்காக வெளியே போகவும் மாட்டாது.

2. பதிவேடுகள் ஏன் குழம்பியுள்ளன?

எமது உள்ளூராட்சியின் வரலாற்றைச் சற்றுப் பார்த்தால் இக்குழப்பத்திற்கான காரணம் புரியும். இந்நாட்டில் முன்னர் கிராம சபைகளும் பட்டின சபைகளும் இருந்தன. 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின்படி 1981 இல் அவற்றின் இடத்திற்கு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவையும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நிறைவேறி, 1988 இல் பிரதேச சபைகள் இயங்கத் தொடங்கின. இவ்வாறு ஏழு ஆண்டுகளுக்குள் கிராமத்தின் கிணறும், வாசிகசாலையும், சந்தையும், மயானமும் இரண்டு தடவை கைமாறின. கைமாறிய ஒவ்வொரு முறையும் சில உறுதிகளும் சில பதிவேடுகளும் தவறிப்போயின.

வடக்கிலும் கிழக்கிலும் இதன்மேல் யுத்தமும் வந்தது. அலுவலகங்கள் எரிந்தன, இடம்பெயர்ந்தன. யுத்தம் முடிந்த பின்னர் வடக்கில் பெரும்பாலான பிரதேச சபைகளுக்கு 2011 இலேதான் தேர்தல் நடைபெற்றது. 2004 இன் கடற்கோளுக்குப் பின்னரும் 2009 இன் பின்னரும் உதவித் திட்டங்கள் வாயிலாக வாகனங்களும் இயந்திரங்களும் பெருமளவில் வந்து சேர்ந்தன. வேகமாகக் கொடுப்பதே அன்று பெரிதாகத் தெரிந்தது. எழுதி வைப்பது பின்தள்ளப்பட்டது.

அண்மைக்கால நிலையையும் குறிப்பிட வேண்டும். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதியே நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினர்கள் இல்லாமல் அலுவலர்களே சபைகளை நடத்தினர். ஆகவே 2025 இல் தெரிவாகி வந்த உறுப்பினர்கள் தமது சபையிடம் என்னென்ன உண்டு, எவை கழிக்கப்பட்டன என்பதை முதலில் கேட்டறிவது அவசியமாகும்.

3. சபையின் ஆதனம் எத்தனை வகை?

படிப்பதற்கு வசதியாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

(அ) நிலையான அசையும் பொருட்கள்: உழவு இயந்திரம், இழுவைப் பெட்டி, நீர்த்தாங்கி, வீதி உருளை, மின்பிறப்பாக்கி, கணினி, தளபாடம்.

(ஆ) நுகரப்படும் பொருட்களின் எச்சம்: தேய்ந்த ரயர், பழைய பற்றரி, கழிவெண்ணெய், வெற்றுப் பீப்பாய், எரிந்த மின்குமிழ்.

(இ) வேலைகளிலிருந்து மிஞ்சுபவை: உடைத்த கட்டடத்தின் ஓடு, மரம், கதவு நிலை, வீதியோரத்தில் விழுந்த மரம், பழைய மதகின் கம்பி.

(ஈ) அசையா ஆதனம்: காணி, கட்டடம், சந்தைக் கடை, குளக்கரை, மைதானம்.

முதல் வகையை எல்லோரும் கவனிக்கின்றனர். களவு அதிகம் நடப்பது இரண்டாம் மூன்றாம் வகைகளிலேயே. ஏனெனில் அவற்றிற்குப் பெரும்பாலும் கணக்கில்லை. புதிய பற்றரி வாங்கிய பற்றுச்சீட்டு கோவையில் இருக்கும். பழைய பற்றரி எங்கே போனது என்று எவரும் எழுதுவதில்லை. பழைய பற்றரியின் ஈயத்திற்கு விலை உண்டு என்பதைச் சாரதியும் அறிவார், இரும்புக் கடைக்காரரும் அறிவார். சபை மாத்திரமே அறியாததுபோல் இருக்கின்றது.

4. சட்டமும் விதிகளும் கூறும் படிமுறை

பிரதேச சபைகளுக்கு 1988 இல் ஆக்கப்பட்ட நிதி, நிருவாக விதிகள் உள்ளன. அவற்றோடு அரசாங்கத்தின் நிதிப் பிரமாணங்களும் அவ்வப்போது வெளிவரும் சுற்றறிக்கைகளும் பின்பற்றப்படுகின்றன. நகர சபைகளுக்கும் மாநகர சபைகளுக்கும் வேறு கட்டளைச் சட்டங்கள் உண்டு. ஆயினும் படிமுறை ஏறத்தாழ ஒன்றே.

முதற்படி, கணக்கெடுத்தல். ஒவ்வோர் ஆண்டும் பொருட் கணக்கெடுப்புச் சபை ஒன்று நியமிக்கப்படல் வேண்டும். நிதிப் பிரமாணம் 756 இதைப் பற்றியது. களஞ்சியத்திற்குப் பொறுப்பானவரே தமது களஞ்சியத்தை எண்ணலாகாது என்பது இதன் அடிப்படை. பதிவேட்டை ஒரு கையிலும் பொருளை மறு கையிலும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மேசையில் இருந்தபடி போன வருட அறிக்கையைப் பிரதி செய்வது கணக்கெடுப்பு ஆகாது.

இரண்டாம் படி, தரம் பிரித்தல். பாவிக்கக்கூடியது, திருத்திப் பாவிக்கக்கூடியது, நல்ல நிலையில் இருந்தும் சபைக்குத் தேவையற்றது, பாவனைக்கு உதவாதது, காணாமற்போனது எனப் பொருட்கள் பிரிக்கப்படும். "தேவையற்றது" என்பதும் "உதவாதது" என்பதும் ஒன்றல்ல. ஒரு சபைக்கு மிகையாக உள்ள நாற்காலி அயலிலுள்ள பாடசாலைக்குக் குறையாக இருக்கலாம். காணாமற்போன பொருளைக் "கழித்தது" என்ற பட்டியலுக்குள் தள்ளிவிடுவது பாரதூரமான பிழை. இழப்புக்கு வேறு விசாரணை உண்டு. நிதிப் பிரமாணம் 104 அதற்கானது. யார் பொறுப்பு என்று கண்டறிந்த பின்னரே பதிவிலிருந்து நீக்க வேண்டும்.

மூன்றாம் படி, விலை மதித்தல். வாகனம் அல்லது இயந்திரமாயின் அதன் நுட்பம் அறிந்த ஒருவரின் அறிக்கை வேண்டும். இங்கே காலத்தையும் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின் பழைய வாகனங்களினதும் உதிரிப் பாகங்களினதும் விலை பன்மடங்கு ஏறியது. 2025 இலேயே தடை தளர்ந்தது. இந்த ஆண்டுகளில் பழைய மதிப்பீட்டை வைத்து விற்ற பொருள், வாங்கியவருக்குப் பரிசாகவே அமைந்திருக்கும். ஆகவே மதிப்பீட்டிற்கு ஒரு திகதி உண்டு. அது பழையதானால் மீள மதிக்க வேண்டும்.

நான்காம் படி, தீர்மானமும் அனுமதியும். கணக்கெடுப்பு அறிக்கை சபையின் முன் வைக்கப்பட்டு, எவற்றை எம்முறையில் அகற்றுவது என்று தீர்மானிக்கப்படும். தவிசாளர் தனியாகவோ செயலாளர் தனியாகவோ செய்யும் காரியமல்ல இது.

ஐந்தாம் படி, பகிரங்க அறிவித்தலும் விற்பனையும். அறிவித்தலில் பொருளின் விபரம், பார்வையிடும் நாள், வைப்புத்தொகை, கட்டுப்பணம் செலுத்தும் காலம், பொருளை அகற்றும் காலம் ஆகியவை இருக்க வேண்டும்.

ஆறாம் படி, கணக்கு முடித்தல். பணம் பற்றுச்சீட்டுடன் சபை நிதியில் சேர வேண்டும். பொருள் வெளியேறிய திகதியும், பற்றுச்சீட்டு இலக்கமும், தீர்மான இலக்கமும் பதிவேட்டில் அதே வரியில் எழுதப்பட வேண்டும். வாகனமாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றம் அல்லது பதிவு நீக்கம் செய்யப்பட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் விற்ற வாகனம் நாளை விபத்தில் சிக்கும்போது சபையின் பெயரே பொலிசாரின் புத்தகத்தில் நிற்கும்.

இவற்றைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அலுவலகம் கணக்காய்வு செய்கின்றது. அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரையும் 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டமும் அதற்கான அதிகாரத்தைக் கொடுக்கின்றன.

5. எப்பொருளுக்கு எம்முறை?

எல்லாவற்றையும் ஏலத்தில் போடுவது சரியான தீர்வல்ல. பொருளைப் பார்த்து முறையைத் தெரிய வேண்டும்.

திருத்திப் பாவித்தல்: திருத்தச் செலவு, பொருள் தரக்கூடிய மீதிச் சேவையை விடக் குறைவாயின் இதுவே முதல் வழி. இரண்டு உடைந்த இழுவைப் பெட்டிகளிலிருந்து ஒரு நல்ல பெட்டியை உருவாக்கலாம். ஆனால் எதிலிருந்து எது எடுக்கப்பட்டது என்று எழுதியே செய்ய வேண்டும்.

கையளித்தல்: தளபாடம், நூல், கணினி போன்றவற்றை வேறு சபைக்கோ பாடசாலைக்கோ பொது நிறுவனத்திற்கோ உரிய அனுமதியுடன் கொடுக்கலாம். ஏலத்தில் சில நூறு ரூபா பெறும் மேசை, தச்சரின் ஒரு நாள் வேலையால் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்படும். ஆனால் உதவாத குப்பையைப் "பாடசாலைக்கு அன்பளிப்பு" என்று ஏற்றி அனுப்புவது கையளித்தல் அல்ல. தமது பாரத்தைப் பிறர் தலையில் வைப்பதாகும்.

பகிரங்க ஏலம்: பலரும் வாங்கக்கூடிய சிறு பொருட்களுக்கு ஏற்றது. எல்லோர் முன்னிலையிலும் விலை ஏறும். ஊர் மக்களும் பங்குபற்றலாம்.

கேள்விப்பத்திரம்: வாகனம், இயந்திரம் போன்ற பெறுமதி கூடிய பொருட்களுக்கும், வாங்குபவர்கள் தூர இடங்களில் இருக்கும்போதும் ஏற்றது. ஒருவர் குறித்த விலையை மற்றவர் அறியாதபடி மூடிய உறையில் பெற்று, ஒரே நேரத்தில், வந்திருப்போர் முன் திறக்க வேண்டும்.

நிறைக்கு விற்றல்: பழைய இரும்புக்குரியது. இங்கே தராசே நீதிபதி. ஆயிரத்து ஐந்நூறு கிலோவை ஏற்றி ஆயிரம் கிலோவுக்குச் சீட்டு எழுதினால் மூன்றிலொரு பங்கு காற்றில் போய்விடும். வெறும் லொறியையும் நிறைந்த லொறியையும் ஒரே தராசில், சபையின் பிரதிநிதி முன்னிலையில் நிறுக்க வேண்டும்.

உரிமம் பெற்றோரிடம் ஒப்படைத்தல்: இலத்திரனியல் கழிவுகளும் ஈயப் பற்றரிகளும் சாதாரண ஏலத்திற்குரியவை அல்ல. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வெளிவந்த ஒழுங்குவிதிகளின்படி, இலத்திரனியல் கழிவு போன்ற ஆபத்தான கழிவுகளைச் சேகரிக்கவும் கையாளவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். கணினியை உடைத்துச் செம்புக் கம்பிக்காக வயரை எரிக்கும் புகையும், பற்றரி அமிலம் ஊற்றப்பட்ட மண்ணும் எமது பிள்ளைகளின் உடலுக்கே திரும்பி வருகின்றன. சுண்ணக்கல் நிலத்தையுடைய யாழ். குடாநாட்டில் நிலத்தில் ஊற்றுவது கிணற்றில் ஊற்றுவதற்குச் சமமாகும்.

மரங்களைப் பற்றி ஒரு குறிப்பு. விழுந்த மரம் ஊராரின் விறகு என்று எண்ணிவிடக் கூடாது. சபையின் வீதியில் நின்றதாயின் அதற்குக் கணக்கு உண்டு. வெட்டுவதற்கே அனுமதி வேண்டிய இனங்களும் உண்டு. பனை அவற்றுள் ஒன்று.

6. காத்திருத்தலின் விலை

"பிழை பிடிப்பார்கள், தொடாமல் விடுவோம்" என்பது பல அலுவலர்களின் மனநிலை. விற்றால் கணக்காய்வு கேள்வி கேட்கும். விற்காவிட்டால் எவரும் கேட்கார் என்று நினைக்கின்றனர். நேர்மையான அலுவலர்கூட இதனால் செயலற்றுப் போகின்றார். ஆனால் நிற்பதற்கும் விலை உண்டு.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். ஓர் உழவு இயந்திரம் பழுதடைந்த நாளில் அதன் பெறுமதி ஆறு இலட்சம் ரூபா என்று கொள்வோம். திருத்தினால் செலவு ஒரு இலட்சத்து இருபதாயிரம். தீர்மானம் எடுக்காமல் ஐந்து ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் விட்டபின் அது ஒன்றரை இலட்சத்திற்கு விற்கப்படுகின்றது. நட்டம் நாலரை இலட்சம்; ஆண்டொன்றுக்குத் தொண்ணூறாயிரம். அந்த ஐந்து ஆண்டுகளும் குப்பை ஏற்றுவதற்கு வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம் இதில் சேரவில்லை. இந்த நட்டத்தை எவரும் சட்டைப்பையில் போடவில்லை. ஆனால் மக்கள் இழந்தது உண்மையே. ஊழலால் போன பணமும் அசட்டையால் போன பணமும் வரியிறுப்பாளருக்கு ஒன்றுதான்.

7. எங்கே பிழைக்கின்றது?

கிராமங்களில் பணிபுரிந்தபோது நாம் கண்டும் கேட்டும் அறிந்த சில வழிகளைக் கூறுகின்றோம்.

ஒன்று, உறுப்பு உறுப்பாகக் கழற்றுதல். கணக்கெடுப்பின்போது இயந்திரத்தில் இருந்த பற்றரி, டைனமோ, நல்ல ரயர் ஆகியவை ஏல நாளன்று இருப்பதில்லை. பட்டியலில் "உழவு இயந்திரம் – 1" என்று மட்டும் எழுதியிருந்தால் எதையும் நிரூபிக்க முடியாது. "நான்கு ரயர், ஒரு பற்றரி, இயந்திர இலக்கம் இன்னது" என்று எழுதி, படமும் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டு, குவியலாக்கல். நல்ல நீர்ப்பம்பி ஒன்றைப் பழைய தகரக் குவியலுக்குள் சேர்த்து, ஒரே தொகுதியாக விற்றல். உள்ளே இருப்பதை அறிந்தவர் ஒருவரே துணிந்து விலை கேட்பார்.

மூன்று, ஒளித்த அறிவித்தல். அறிவித்தல் பலகையில் இரண்டு நாள் மட்டும் தொங்கும் தாள் சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றலாம்; அதன் நோக்கத்தை நிறைவேற்றாது. சந்தை, நூலகம், கூட்டுறவுக் கடை, கோவில், பள்ளிவாசல், ஆலயம் எங்கும் ஒட்டப்பட வேண்டும்.

நான்கு, வாங்குவோரின் கூட்டு. நால்வர் வெளியே பேசி முடித்துவிட்டு வருவர். ஒருவர் மட்டும் கேட்பார். இதற்கு மருந்து குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே நிர்ணயித்து இரகசியமாக வைத்திருப்பதும், அதை எட்டாவிட்டால் ஏலத்தை நிறுத்துவதுமாகும்.

ஐந்து, உள்ளே இருப்பவரே வாங்குதல். உறுப்பினரோ, அலுவலரோ, அவர்களது மைத்துனரோ வாங்கினால் விலை நியாயமாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும்.

வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. எமது பகுதிச் சங்கமொன்று பழைய இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றை ஏலத்தில் வாங்கியது. விலை மலிவு என்று எல்லோரும் மகிழ்ந்தனர். பின்னரே அதன் பதிவுப் புத்தகம் இல்லை என்பது தெரிந்தது. வீதியில் ஓட்ட முடியாமல் வயலில் மட்டும் ஓட்டினர். ஆகவே சங்கங்கள் ஏலத்திற்குப் போகும்போது பொருளைப் பார்க்குமுன் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

8. காணியும் கட்டடமும்

அசையா ஆதனத்தைத் தனியாக எடுத்துக்கொள்கின்றோம். உழவு இயந்திரம் எப்படியும் தேய்ந்து போகும், காணி அப்படியல்ல. விற்ற காணி ஊருக்குத் திரும்பாது. இதனாலேயே காணியை விற்பதற்குச் சபையின் தீர்மானம் மட்டும் போதாமல், மேலதிகாரத்தின் அனுமதியும் தேவைப்படுகின்றது.

எமது கிராமங்களில் வாசிகசாலைக்கும், மைதானத்திற்கும், கிணற்றிற்கும் காணி கொடுத்தவர்கள் ஊரவர்களே. அக்காலத்துக் கிராம சபைக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தார்கள். அந்த உறுதியில் "இன்ன தேவைக்கு" என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். உறுதியை வாசிக்காமல் "பாவிக்கப்படாத காணி" என்று விற்பதோ நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுப்பதோ கொடுத்தவரின் எண்ணத்திற்கு மாறாகும். ஊரிலுள்ள முதியவர்களின் ஞாபகம் இங்கே ஒரு பதிவேடாகும். அவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

விற்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இன்று பாவிக்காத இக்காணி இருபது ஆண்டுகளில் தேவைப்படாதா? குத்தகைக்குக் கொடுத்தால் வருமானமும் வரும், உரிமையும் நிற்குமல்லவா? விற்ற பணம் எதற்குச் செலவாகும்? மூன்றாவதே மிகவும் முக்கியமானது. முதலாக இருந்த ஆதனத்தை விற்ற பணம் இன்னொரு முதலாக மாற வேண்டும். காணியை விற்று எரிபொருள் கட்டணத்தைச் செலுத்துவது, விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவதைப் போன்றது.

9. மக்கள் செய்யக்கூடியவை

இவற்றைச் சட்டத்தரணியின் உதவி இல்லாமலே எமது சங்கங்கள் செய்யலாம்.

முதலாவது, உங்கள் வட்டாரத்தில் உள்ள சபையின் ஆதனங்களைப் பட்டியலிடுங்கள். கிணறு, கட்டடம், காணி, நிற்கும் வாகனம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இளைஞர் கழகத்தினர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இதை முடித்துவிடலாம்.

இரண்டாவது, தகவலைக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. உள்ளூராட்சி மன்றங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. எந்தக் காரணத்திற்காகக் கேட்கின்றீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால் தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வியைச் சுருக்கமாக அமையுங்கள். "சபையில் நடக்கும் ஊழல் பற்றிய விபரம் தருக" என்று கேட்டால் பதில் வராது. "கடந்த ஆண்டுப் பொருட் கணக்கெடுப்பு அறிக்கையின் பிரதி, அதன் பின்னர் நடந்த ஏலத்தின் பொருட்பட்டியல், ஒவ்வொன்றின் மதிப்பீட்டு விலை, விற்ற விலை" என்று கேளுங்கள். மதிப்பீட்டு விலையையும் விற்ற விலையையும் அருகருகே வைத்தால் அத்தாளே பேசும்.

மூன்றாவது, ஏலத்திற்குச் செல்லுங்கள். வாங்காவிட்டாலும் நின்று பாருங்கள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் ஏலத்திற்கும் எவரும் இல்லாத ஏலத்திற்கும் வேறுபாடு உண்டு.

நான்காவது, உங்கள் தேவையை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். முன்பள்ளிக்கு மேசை தேவையாயின், கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டிறுதிக்கு முன் சபைக்குக் கடிதம் அனுப்புங்கள். ஏலம் முடிந்தபின் கேட்பதில் பயனில்லை.

ஐந்தாவது, எம்மைப் போன்ற நிறுவனங்களுக்கு உரியது. எப்பொருளைக் கொடுத்தாலும் உரிமை மாற்றக் கடிதம், வாங்கிய விலைச்சீட்டு, பதிவுப் புத்தகம் மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அது சபையின் பொருட்பதிவேட்டில் ஏறிய பக்கத்தின் பிரதியைப் பெற்ற பின்னரே கோவையை மூட வேண்டும்.

முடிவுரை

நல்ல அலுவலர்களும் நல்ல உறுப்பினர்களும் எமது சபைகளில் உள்ளனர். அவர்களைச் சந்தேகிப்பதற்காக இப்பாடத்தை எழுதவில்லை. மக்கள் கவனிக்கின்றார்கள் என்றால் நேர்மையான அலுவலருக்கு அது பாதுகாப்பு. தவறான வற்புறுத்தல் வரும்போது "சனம் கேட்கும், செய்ய முடியாது" என்று அவர் சொல்ல முடியும்.

அந்த வேப்பமரத்தின் கீழ் இன்று நீர்த்தாங்கி இல்லை. ஆனால் அத்தாயின் கேள்விக்கு நாம் காலந்தாழ்த்தியே பதில் சொல்கின்றோம்: கொடுத்தவர், பெற்றவர், பார்த்துக்கொண்டு போனவர் எல்லோரும் பொறுப்பு. அடுத்த வரட்சிக்கு முன் உங்கள் சபையின் பின்புறத்தை ஒருமுறை சென்று பாருங்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பிரதேச சபையின் வளவில் பாவிக்கப்படாமல் நிற்கும் பொருட்கள் எவை? அவை எப்பொழுதிலிருந்து நிற்கின்றன?

2. உங்கள் கிராமத்தில் பொதுத்தேவைக்கென நன்கொடையாகக் கொடுக்கப்பட்ட காணிகள் எவை? அவற்றின் உறுதி எங்கே உள்ளது? அறிந்த முதியவர் யார்?

3. உங்கள் சங்கத்திற்கே சொந்தமான பழைய பொருட்களுக்குப் பதிவேடு உண்டா? சபையிடம் கேட்கும் கேள்விகளை முதலில் எமது சங்கத்திடம் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

4. கடந்த ஆண்டில் உங்கள் சபை ஏலம் நடத்தியதை நீங்கள் அறிந்தீர்களா? எப்படி அறிந்தீர்கள்? அறியாவிடின், அறிவித்தல் எங்கே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்?

5. பாடத்தின் ஒன்பதாம் பகுதியில் கூறப்பட்டவற்றுள் அடுத்த மூன்று மாதங்களில் உங்கள் குழு செய்யக்கூடிய ஒன்றைத் தெரிந்து, யார் எப்பொழுது செய்வது என்று எழுதிக்கொள்ளுங்கள்.